‘ஹொரிபிள் பொஸஸ்’: கல்லடி மொட்டைமாடியில் எங்களை இரண்டாகப் பிரித்த படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்புக் கல்லடியில் நண்பன் ஒருவன் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்சீட்டைக் கொடியில் கட்டிப் படம் பார்ப்பது எங்கள் வழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். போன முறை படத்தைத் தெரிவு செய்தது நான். படம் முடிந்தபோது ஒன்பதரை. கேற்றடியில் நின்று சண்டை பிடித்து முடித்தபோது பதினொன்று. அதற்குப் பிறகும் வராதவர்கள், வந்து பாதியில் எழும்பிப் போனவர்கள், ‘உனக்கு வேறு படமே கிடைக்கவில்லையா’ என்று கேட்ட சித்தி என்று ஆளாளுக்கு அதே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன். ஆகவே எல்லாவற்றுக்கும் பதில் இங்கே.

முதலில், இது என்ன படம்?

2011 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம். ‘கொடுமையான மேலதிகாரிகள்’ என்று பெயரைத் தமிழாக்கலாம். இயக்கியவர் செத் கோர்டன். நிக், கேர்ட், டேல் என்று மூன்று நண்பர்கள். நடித்தவர்கள் ஜேசன் பேட்மன், ஜேசன் சுடேக்கிஸ், சார்லி டே. மூவருக்கும் மூன்று மேலதிகாரிகள். நிக்கின் அதிகாரி ஹார்கன் (கெவின் ஸ்பேசி), பதவி உயர்வை மூக்குக்கு முன்னால் ஆட்டிக்காட்டியே ஆளைப் பிழிபவன். கேர்ட் வேலைசெய்யும் இரசாயனக் கம்பனியில் நல்ல முதலாளி இறந்துபோக, கொக்கெய்ன் அடிக்கும் மகன் பொபி (கொலின் ஃபரல்) கதிரையில் ஏறுகிறான். டேல் ஒரு பல் வைத்தியரின் உதவியாளன். அந்த வைத்தியர் ஜூலியா (ஜெனிஃபர் அனிஸ்டன்) அவனைப் படுக்கைக்கு அழைத்து அழைத்தே உயிரை எடுக்கிறாள். ஒரு நாள் குடித்துக்கொண்டு பேசும்போது ‘இவர்களைக் கொன்றால் என்ன’ என்ற இடத்துக்கு மூவரும் வந்துசேருகிறார்கள். கோழி அறுக்கவும் தெரியாதவர்கள் கொலைக்குப் புறப்பட்டால் என்ன நடக்குமோ அதுதான் மிச்சப் படம்.

கதையை முழுக்கச் சொல்லிவிடுவீர்களா?

ஓம். 2011-இல் வந்த படத்துக்கு இனி என்ன இரகசியம்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாத ‘ஆர்’ தரத்தைத்தான் கொடுத்தார்கள். நண்பனின் மகன், ஓஎல் பரீட்சை எடுக்கப்போகிற பொடியன், அன்று ‘சார்ஜர் எடுக்க’ என்று மூன்று தரம் மாடிக்கு ஏறி வந்தான். மூன்று தரமும் சார்ஜர் அவன் கையில்தான் இருந்தது.

தூஷணம் கூடிப்போனதால்தான் சண்டையா?

இல்லை. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சேர்’தான். பேரப்பிள்ளை ‘மடையன்’ என்று சொன்னாலே தும்புத்தடியைத் தேடுகிறவர். அவர் ஒன்றரை மணித்தியாலம் கொட்டிய ஆங்கிலத் தூஷணத்தைப் பிளேன்டீ குடித்துக்கொண்டு சலனமே இல்லாமல் கேட்டார். “அது இங்கிலிசுதானே தம்பி, மேல ஒட்டாது” என்றார். சரிதான். நம் காதுக்கு அது காரமில்லாத மிளகாய். அதே வசனத்தை ஒருவன் மட்டக்களப்புத் தமிழில் மாடியிலிருந்து சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலேறிக் குதித்து வந்திருப்பார்.

பிறகு எதற்குச் சண்டை?

ஜூலியாவுக்காக.

ஒரு காட்சியில் டேல் தனக்கு நடப்பதை நண்பர்களிடம் முறையிடுகிறான். அழகான பெண் துரத்துகிறாள், இதில் உனக்கு என்ன கவலை என்பதுதான் அவர்கள் பதில். அப்போது மாடியிலும் ஆண்கள் பக்கம் நல்ல சிரிப்பு. என் மச்சாள் கல்முனையில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். நல்ல வைத்தியர், அதை அவளே சொல்லுவாள். அவள் அதுவரை அனிஸ்டன் கையுறை போடும் விதத்தைப் பழித்துக்கொண்டு சந்தோசமாகத்தான் இருந்தாள். பிறகு, டேல் கல்யாணம் முடிக்கப்போகும் பெண்ணையே மயக்கமருந்து கொடுத்துக் கதிரையில் கிடத்திவிட்டு, ஜூலியா அவனை மிரட்டும் இடம் வந்தது. மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பிள்ளை மயங்கிக் கிடக்கிறா. மறுகா இவன் வெளியில போய்ச் சொன்னா ஆரு நம்புவாங்க? இதில சிரிக்க என்ன இரிக்கு?”

காத்தான்குடியிலிருந்து வரும் நண்பர் சமாதானமாக, “அது படம்தானே தங்கச்சி” என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ‘தானே’யில் பிடித்த நெருப்புத்தான் கேற்றடிவரை எரிந்தது.

நீங்கள் எந்தப் பக்கம்?

இந்த விசயத்தில் மச்சாள் பக்கம். ஆனால் ‘ஆண் பெண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள்’ என்று அவள் கடைசியில் சொன்ன காரணத்துக்காக அல்ல. அது எல்லோரும் சொல்வது. எனக்கு உறுத்தியது வேறு. பொபியாக வரும் கொலின் ஃபரலைப் பாருங்கள்: நல்ல அழகன், அவனுக்குப் பொய்த் தொப்பை கட்டி, மண்டையை வழுக்கையாக்கி, மிச்ச மயிரைப் பக்கத்திலிருந்து இழுத்து வாரி அசிங்கப்படுத்தியிருக்கிறார்கள். ஹார்கனின் முகம் குளிரூட்டிக்குள் வைத்து எடுத்தது போல. இரண்டு பேரையும் நாம் வெறுக்க வேண்டும் என்று படம் பாடுபடுகிறது. மூன்றாவது ஆளிடம் வரும்போது மட்டும் கமெரா ஆசைப்படுகிறது. ஜூலியாவை நாம் வெறுக்க வேண்டும் என்று வசனம் சொல்கிறது, இரசிக்க வேண்டும் என்று படப்பிடிப்புச் சொல்கிறது. நண்பர்கள் டேலை நம்பாதது கதைக்குத் தேவை, உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் படமும் அவனை நம்பவில்லையே. மூன்று பேரின் முறைப்பாட்டில் இரண்டைப் பதிந்துவிட்டு ஒன்றைக் கிழித்துப் போட்ட பொலிஸ் நிலையம் மாதிரி.

அப்படியானால் அன்று மாடியில் அதிகம் சிரித்தவர் நீங்கள்தானாமே?

அதையும் மறைக்கப்போவதில்லை. ஹார்கன் வரும் இடமெல்லாம் சிரித்தேன்.

படம் தொடங்கியதும் நிக் காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குக் கந்தோருக்கு வருகிறான். ஊரே தூங்கும் நேரம். ஹார்கன் அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துக்கொள்கிறான். பிறகு தெரிகிறது, பாட்டி சாகக்கிடந்தபோதும் ஹார்கன் அவனை வேலையில் மறித்து வைத்திருந்தான் என்பது. பாட்டியை அவன் சின்னப் பிள்ளை போலச் செல்லப் பெயர் சொல்லிச் சொல்வதை ஹார்கன் நக்கலடிக்கிறான். பக்கத்தில் எல்லோரும் சிரிக்க, எனக்கு அந்த இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பை ஞாபகம் வந்தது.

நான் அப்போது நகரத்தில் ஒரு லீசிங் கம்பனியில் வசூல் பகுதியில் இருந்தேன். அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. மாதக் கடைசி, டார்கெட் நாள். லீவுக் கடிதத்தை முகாமையாளரின் மேசையில் வைத்தேன். அவர் வாசிக்கவில்லை. குடித்துக்கொண்டிருந்த கோப்பையை அதன் மேல் வைத்துவிட்டு, “முப்பத்தொண்டுக்கு நீ போகாட்டி அவ திரும்பி வந்து கேக்கப்போறாவா?” என்றார். கோப்பையை எடுத்தபோது ‘ஐயா’ என்ற சொல்லைச் சுற்றி வட்டமாகக் கறை. அன்று பின்னேரம் நான் வாழைச்சேனைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் த்ரீவீலர் தவணை கேட்டு நின்றேன். எங்கள் வீட்டில் படையலை வைத்துக்கொண்டு மூன்று மணிவரை பார்த்திருந்துவிட்டு, பிறகு காகத்துக்கு வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே ஹார்கன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த கேர்ட், அவனுடைய பல் துலக்கும் பிரஷை எடுத்து எழுதக்கூடாத ஓர் இடத்தில் தேய்த்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைக்கும்போது, நான் கதிரையோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். கேவலமான பகிடிதான். சேர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தக் கேவலத்தில் எனக்கு ஒரு கணக்குத் தீர்ந்தது.

அவ்வளவு கொடுமை என்றால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?

அதிகம் வந்த கேள்வி இதுதான். கேட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் கந்தோரைத் திட்டிக்கொண்டே பத்து வருடமாக அங்கேயே இருப்பவர்கள்.

படம் இதற்கு மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்கிறது. நிக் விலகினால் வேறெங்கும் வேலை கிடைக்காதபடி நற்சான்றைக் கெடுத்துவிடுவதாக ஹார்கன் மிரட்டுகிறான். டேல் ஒரு நாள் இரவு, யாருமில்லாத சிறுவர் விளையாட்டிடத்தில் ஒன்றுக்கிருந்து பிடிபட்டு, பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் ஏறியவன். அவனை வேறு யார் எடுப்பார்? கேர்ட்டுக்கு, இறந்த முதலாளி மீதுள்ள விசுவாசம். அந்தக் கம்பனியைப் பொபி கையில் விட்டுப் போக மனமில்லை.

இவை போதாதென்று ஒரு பழைய பள்ளித் தோழன் மதுச்சாலையில் வந்து சேருகிறான். லீமன் பிரதர்ஸில் பெரிய வேலையில் இருந்தவன். 2008 செப்டம்பரில் அந்த வங்கி முறிந்தது. இப்போது அவன் வேலை தேடித் தேடி, கடைசியில் நண்பர்களிடமே காசுக்கு உடம்பை விற்கக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டான். பச்சையான பகிடி. ஆனால் மூவரின் முகமும் மாறுவதைக் கவனியுங்கள். ‘வேலையை விட்டால் இதுதான்’ என்று அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது. படம் வந்த வருடம் அமெரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அங்கே அந்தப் படம் ஓடியதற்கு அனிஸ்டன் பாதிக் காரணம் என்றால் அந்த 9 மீதிக் காரணம்.

நமக்கு இது விளங்காதா? 2022 மார்ச் கடைசியில், இலங்கை பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசையில் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்று, அங்கிருந்தே கந்தோருக்கு ‘சேர், கொஞ்சம் பிந்தும் சேர்’ என்று கெஞ்சினோம். அந்த வருடம் எந்த முகாமையாளரும் கெட்டவராகத் தெரியவில்லை. சம்பளம் போட்ட எல்லோரும் தெய்வம்.

கடைசியில் யார் யாரைக் கொல்கிறார்கள்?

நம் மூவரும் ஒருவரையும் கொல்லவில்லை. பொபியின் கைத்தொலைபேசி ஹார்கனின் படுக்கையறையில் கிடக்க, தன் மனைவிக்கும் பொபிக்கும் தொடர்பு என்று சந்தேகப்பட்டு ஹார்கனே போய் அவனைச் சுட்டுவிடுகிறான். ஒருவன் பிணம், ஒருவன் சிறை. ஜூலியாவை மட்டும் டேல் பொறிவைத்துப் படம்பிடித்து, அதைக் காட்டி அடக்குகிறான். கை அழுக்காகாமல் பழி தீர்க்கிற வசதி! படத்தின் கோழைத்தனம் அது என்று சேர் சொன்னார். எனக்கு அது பிழையாகப் படவில்லை. உண்மையாகவே கொன்றிருந்தால் நாம் மாடியிலிருந்து பேசாமல் இறங்கிப் போயிருப்போம்.

ஜேமி ஃபொக்ஸ் நடித்த கறுப்பினத்தவர் பாத்திரம் இனவெறி இல்லையா?

கொலைகாரனைத் தேடி மூன்று வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவர் கூடும் மதுச்சாலைக்குப் போகிறார்கள். அந்த எண்ணமே இனவெறி என்பதைப் படம் தெரிந்துதான் செய்கிறது. அங்கே அகப்படும் ஜோன்ஸ் (முதற்பெயர் தாயைச் சேர்த்த வசவு, எழுத மாட்டேன்) ஐயாயிரம் டொலர் வாங்கிக்கொண்டு ஆலோசனை மட்டும் தருகிறான்: ஒருவனின் அதிகாரியை மற்றவன் கொல்லுங்கள் என்று. இயக்குநர் ஹிட்ச்கொக் 1951-இலேயே எடுத்த யோசனை அது, படமும் அதை ஒப்புக்கொள்கிறது. பிறகு பார்த்தால் ஜோன்ஸ் சிறைக்குப் போனது கொலைக்கு அல்ல, தியேட்டரில் கமெராவால் படம் திருடியதற்கு. பகிடி மூவரின் தலையில்தான் விழுகிறது. சில பேருக்கு அது போதவில்லை, அதுவும் நியாயம்.

இந்த இடத்தில் எங்கள் மாடியில் ஒரு சங்கடமான மௌனம். நாங்கள் பார்த்த பிரதி பென் டிரைவில் வந்தது. எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

அவர்களும் பிரிந்துதான் நின்றார்கள். ரொஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு மூன்றரை கொடுத்தார். பொதுவாகப் பத்து விமர்சகரில் ஏழு பேர் அளவுக்குப் படத்தின் பக்கம். மற்றவர்கள் பெண்ணை, இனத்தை, ஒருபால் உறவை வைத்துச் செய்த பகிடிகளைச் சகிக்க முடியவில்லை என்றார்கள். காசு விமர்சகரைக் கேட்டு வருவதில்லை. நான்கு கோடி டொலருக்கும் குறைவாகச் செலவழித்து, உலகம் முழுவதும் இருபது கோடி டொலருக்கு மேல் எடுத்தது.

கேவலமான பகிடிக்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?

தொல்காப்பியர் செய்திருக்கிறாரே. நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பிப் பிடித்துக்கொள்வது) என்று நான்காகப் பிரிக்கிறார். காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்தர் சேக்ஸ்பியரின் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தின் வழியே பார்த்து 1926-இல் ‘மதங்கசூளாமணி’ எழுதினார். அந்தப் பெரியவர் போன பாதையில் பிரஷ் பகிடியைக் கொண்டுபோவது அடாவடிதான், மன்னிக்க வேண்டும். ஆனாலும் சேர் அன்று கேற்றடியில் நின்று இதைத்தான் விளக்கினார். ஹார்கனையும் பொபியையும் பார்த்து வரும் சிரிப்பு எள்ளல். மூன்று நண்பர்களைப் பார்த்து வருவது பேதைமையும் மடனும். “டேல் விசயத்தில நீங்க சிரிச்சது எது தம்பி? அவள எள்ளியா, அவன எள்ளியா?” என்று கேட்டார். காத்தான்குடி நண்பர் ஹெல்மெட்டைப் போட்டபடி நின்று யோசித்தார். யோசித்தபடியேதான் போனார்.

இங்கே ஒரு ஜூலியா இருந்தால்?

நம் சட்டம் படத்தைவிடத் தெளிவு. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345-ஆம் பிரிவு 1995-இல் திருத்தப்பட்டது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் சீண்டல் பாலியல் தொந்தரவுக் குற்றம் என்று அதில் விளக்கமே உண்டு. செய்தவர் ஆணா பெண்ணா, பட்டவர் ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். டேல் பொலிசுக்குப் போயிருக்கலாம். போனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சிரிப்பாரா மாட்டாரா என்பதுதான் மச்சாளின் கேள்வி.

ஹார்கன் இருந்தால்?

இருக்கிறார்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அப்படிச் செய்விப்பதும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நான் முறையிட்டேனா என்று கேட்டால், இல்லை.

கெவின் ஸ்பேசி நடித்த படத்தை இப்போது பார்க்கலாமா?

2017 கடைசியில் அவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, வாய்ப்புகள் போயின. 2023 ஜூலையில் லண்டனில் நடந்த வழக்கில் யூரிகள் அவரைக் குற்றவாளியில்லை என்று விடுவித்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேலைத்தலக் கொடுமையைப் பகிடியாக்கிய ஒரு படத்தை 2017-க்குப் பிறகு பார்க்கும்போது சிரிப்பு ஒரு விநாடி தாமதித்தே வருகிறது. அதுவும் ஜூலியாவின் காட்சிகளில்தான் அதிகம்.

இதே மாதிரி, ஆனால் இவ்வளவு பச்சையாக இல்லாத படம்?

‘நைன் டு ஃபைவ்’, 1980. மூன்று பெண்கள் ஆணாதிக்க முதலாளியைப் பிடித்து அவர் வீட்டிலேயே அடைத்துவைத்துவிட்டு, கந்தோரை அவரைவிட நன்றாக நடத்துகிறார்கள். மச்சாளுக்கு அடுத்த மாதம் இதைப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ‘ஒபிஸ் ஸ்பேஸ்’, 1999. அனிஸ்டன் இதிலும் உண்டு, ஆனால் இங்கே முதலாளியின் தொல்லையைத் தாங்கும் பரிசாரகி. பிரின்டரை வயலுக்குக் கொண்டுபோய் அடித்து நொறுக்கும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

இரண்டாம் பாகம் எப்படி?

2014. வேண்டாம்.

அந்த முகாமையாளர் இப்போது எங்கே?

வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். பிரியாவிடைக்கு ஆளுக்கு 500 ரூபாய் சேர்த்தோம், பட்டியலில் என் பெயர் இரண்டாவது. ‘நாம் எல்லோரும் ஒரு குடும்பம்’ என்று பேசினார், நானும் கைதட்டினேன். கேக் வெட்டும்போது இரவு எட்டரை. அன்று யாரும் ஓவர்டைம் எழுதவில்லை.